வணக்கத்துக்குரியவரின் சம்பளம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு தலைமையாசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் சேர்த்துவைத்த நிதியில் நடக்கும் சொற்பொழிவு இது. இத்தகைய மேடைகளில் ஆசிரியப் பணியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அந்தப் பெருமை ஆசிரியரின் வீட்டுக்கு என்ன கொண்டுவந்து சேர்த்தது என்ற கணக்கை இன்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். சம்பளம் போதவில்லை, மன அழுத்தம் தாங்கவில்லை என்று இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று கிடக்கிறது. கற்பிப்பது தொண்டு, தொண்டு செய்கிறவருக்கு மரியாதை போதும், கூலிக்கணக்கு பேசுவது அவருக்கு அழகல்ல என்று நம் சமூகம் நினைக்கிறது. நம் சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. என் உரை அதைப் பற்றியது.

போகிறவர்கள் யார்?

யுனெஸ்கோ நிறுவனம் 2024இல் ஆசிரியர்கள் பற்றிய உலக அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2030க்குள் உலகுக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்கிறது அது. தொடக்கக் கல்வியில் வேலையை விட்டுச் செல்லும் ஆசிரியர்களின் விகிதம் 2015இல் 4.62 சதவீதமாக இருந்தது, 2022இல் 9.06 சதவீதம் ஆகிவிட்டது. ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த உலகக் கணக்கை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. இங்கே அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருப்பவர் ராஜினாமா செய்வது அபூர்வம். அந்த வேலையைக் கேட்டு வெளியே நீண்ட வரிசை நிற்கிறது. 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஆண்டுக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருந்தார்கள். 2018இல் வந்த அரசாணை 149, தகுதித் தேர்வில் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதைப் பார்க்கும் ஒருவர், 'ஆசிரியர்கள் எங்கே போகிறார்கள்? எல்லோரும் உள்ளே வரத்தானே துடிக்கிறார்கள்?' என்று கேட்கலாம்.

வெளியேற்றம் வேறு மூன்று இடங்களில் நடக்கிறது. முதல் இடம் தனியார் பள்ளி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, 'போன வருஷ கணக்கு மிஸ் எங்கே?' என்பதுதான். அந்த மிஸ் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பக்கத்துப் பள்ளிக்குப் போயிருக்கலாம். வீட்டில் டியூஷன் தொடங்கியிருக்கலாம். வங்கித் தேர்வுக்குப் படிக்கலாம். ஜவுளிக்கடையில் பில் போடலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாதிச் சம்பளம், பிறகு சம்பளமே இல்லை என்ற நிலைக்கு வந்த தனியார் பள்ளி ஆசிரியர்கள் காய்கறி விற்றார்கள், கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள். பள்ளிகள் திறந்த பிறகு அவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. யாரும் அவர்களைத் தேடவும் இல்லை.

இரண்டாம் இடம், அரசே வைத்திருக்கும் தற்காலிக, பகுதிநேரப் பணிகள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். இன்று அந்தப் பட்டியலில் எஞ்சியிருப்பவர்கள் 12,000 அளவில்தான். இறந்தவர்களும் வயது முடிந்தவர்களும் அந்த இடைவெளியில் உண்டு. 'இனியும் நிரந்தரம் ஆகும் என்று காத்திருக்க முடியாது' என்று கிளம்பியவர்களும் உண்டு.

மூன்றாம் இடம் நம் கண்ணுக்கே தெரியாதது. வருவதற்கு முன்பே போய்விட்டவர்கள் இருக்கும் இடம் அது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த கிராமத்துப் பெண்கள் ஒரு காலத்தில் ஆசிரியர் பட்டயப் படிப்பு இடத்துக்காகக் கலந்தாய்வில் காத்து நின்றார்கள். பிறகு சேர ஆள் இல்லாமல் பயிற்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வகுப்பில் முதல் வரிசையில் இருக்கும் பிள்ளையிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். 'டீச்சர்' என்ற பதில் முன்போல் வருவதில்லை. தன் டீச்சர் படும் பாட்டை அந்தப் பிள்ளை ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறது.

ஒரே வேலை, பல சம்பளம்

இப்போது எண்களுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இன்றைய ஊதிய விகிதப்படி பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். அகவிலைப்படியும் பிற படிகளும் இதன்மேல் சேரும். அதே பி.எட். படிப்பு, அதே தகுதி உள்ள ஒருவர் சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியில் 10,000, 12,000, மிஞ்சினால் 15,000 வாங்குகிறார். கிராமத்து நர்சரி பள்ளிகளில் இதற்கும் கீழே போகும்.

'தனியார் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. 2022 ஜூனில் அரசுப் பள்ளிக் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப முடிவு செய்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் நிர்ணயித்தார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 281 ரூபாய். மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 7,306 ரூபாய் வருகிறது. மண் வெட்டுகிறவரின் கூலி அதிகம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் குறைவுதான். பட்டயம் படித்து, தகுதித் தேர்வும் எழுதி வந்தவருக்கு அரசு கொடுக்க முன்வந்தது அதைவிட 194 ரூபாய்தான் கூடுதல் என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பின்னர் இந்தத் தொகை 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தப்பட்டது.

நிரந்தரப் பணிக்குள்ளும் இந்தப் பிளவு உண்டு. 2009 மே 31 அன்று பணியில் இருந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாய் அடிப்படை ஊதியம் கிடைத்தது. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரே பள்ளி, பக்கத்துப் பக்கத்து வகுப்பு, ஒரே பாடநூல். அடிப்படை ஊதியத்தில் மட்டும் 3,170 ரூபாய் வித்தியாசம். அடுத்தடுத்த உயர்வுகள் எல்லாம் இந்த அடிப்படையின் மேலேயே கணக்கிடப்படுவதால், வித்தியாசம் ஆண்டுதோறும் குட்டி போடுகிறது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று கேட்டு சுமார் 20,000 ஆசிரியர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித் துறை வளாகத்தில் உட்கார்ந்து எழுந்து கொண்டிருக்கிறார்கள்.

கல்லூரிக்குப் போனாலும் கதை மாறவில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாயில் பாடம் நடத்துகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று சொல்லிவிட்டது. முனைவர் பட்டம் பெற்ற நாற்பது வயதுக்காரர் மே மாதச் சம்பளம் வராது என்று ஏப்ரலிலேயே கடன் சொல்லி வைக்கிறார்.

இந்தக் குறைந்த சம்பளத்தைச் சமூகம் எப்படிச் சகித்துக்கொள்கிறது? தனியார் பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். 'வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், டீச்சருக்கு இது கைச்செலவுக்கு' என்ற நினைப்பு தாளாளரிடம் இருக்கிறது. பெற்றோரிடம் இருக்கிறது. அந்த ஆசிரியையின் குடும்பத்திலும் இருக்கிறது. பள்ளிக்கூடம் பிள்ளைகளோடு போய்ப் பிள்ளைகளோடு திரும்பும் நல்ல வேலை என்பது மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் பாராட்டு. அந்தப் பாராட்டின் விலையைத்தான் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறார்கள். அந்த வருமானத்தை மட்டுமே நம்பி வீட்டு வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கட்டும் பெண்கள் எத்தனை பேர் என்பதை அந்த நினைப்பு பார்ப்பதே இல்லை.

பாடம் நடத்துவது தவிர

மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது முரட்டு மாணவர்கள், கண்டிக்க முடியாத நிலை, கைப்பேசி என்று தொடங்குவோம். அவையெல்லாம் உண்டு. ஆனால் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினால் பிள்ளைகளைப் பற்றிய புகார் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மீதி நேரம் முழுக்க வேறு வேலைகளைப் பற்றித்தான்.

தனியார் பள்ளியில் ஏப்ரல், மே வெயிலில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு இத்தனை என்று இலக்கு வைக்கிற பள்ளிகள் உண்டு. கட்டணம் கட்டாத பெற்றோருக்கு வகுப்பாசிரியர்தான் போன் செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கும் வகுப்பு வாட்ஸாப் குழுவில் பதில் சொல்ல வேண்டும். விடுதியோடு கூடிய பள்ளி என்றால் விடியற்காலைப் படிப்பு, இரவுப் படிப்பு இரண்டுக்கும் மேற்பார்வை. உடன் வேலை பார்ப்பவர் விடுப்பு எடுத்தால் அவருடைய பாடவேளையும் நம் தலையில். இத்தனையும் சகிக்காமல் போகலாம் என்றால் ஒரிஜினல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் இருக்கும். வருடம் முடியாமல் கொடுக்கமாட்டார்கள். நியமன ஆணையே எழுத்தில் இல்லாத இடத்தில் எதைக் காட்டி வாதாடுவது?

அரசுப் பள்ளியில் அழுத்தத்தின் முகம் வேறு. எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருட்களின் கணக்கு, உடல்நல விவரம், செயலி வழித் தேர்வு, அதன் மதிப்பெண் பதிவேற்றம். சர்வர் வேலை செய்யாத காலையில் ஆசிரியர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். நாடு முழுவதும் ஓராசிரியர் பள்ளிகளே ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதாக ஒன்றிய அரசின் 2024-25 பள்ளிப் புள்ளிவிவரம் சொல்கிறது. அங்கே அந்த ஒருவர்தான் ஆசிரியர், எழுத்தர், காவலர்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்று விதிவிலக்குகளே பெரிய வாசல்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் வீடு வீடாகப் படிவம் கொண்டு அலைந்தார்கள். அரையாண்டுத் தேர்வை நெருங்கிய நேரம் அது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எந்த ஆண்டு பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலையை விட வேண்டும் அல்லது கட்டாய ஓய்வு. தகுதி வேண்டும் என்ற கொள்கையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தகுதித் தேர்வு என்ற ஒன்றே இல்லாத காலத்தில், அன்றைய விதிப்படி தேர்வாகி, கால் நூற்றாண்டு பாடம் நடத்தியவரை 'நீ ஆசிரியரா என்று இனித்தான் பார்க்க வேண்டும்' என்று நிறுத்திவைத்தால் அவர் எந்த மனநிலையோடு வகுப்புக்குள் போவார்? பணிப் பாதுகாப்பு ஒன்றுதான் அரசுப் பள்ளி ஆசிரியரைப் பிடித்துவைத்திருந்தது. அதிலும் கீறல் விழுந்திருக்கிறது.

சுந்தராம்பாள் வழக்கு

இப்போது உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கோவாவில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் அ. சுந்தராம்பாள். 1975இல் நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அவர் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்துக்குப் போக முயன்றார். ஆசிரியர் 'தொழிலாளர்' அல்ல என்று கூறி அரசு அவருடைய வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப மறுத்தது. உயர் நீதிமன்றம் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் 1988 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது.

சட்டம் பட்டியலிட்டிருந்தது உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி, மேற்பார்வை போன்றவை. கற்பிப்பது இவற்றில் எதுவும் அல்ல. அது ஓர் உன்னதப் பணி, ஒரு தொண்டு. ஆகவே ஆசிரியர் அந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். பள்ளியின் பேருந்து ஓட்டுநரால் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட முடிந்தது. அலுவலக எழுத்தரால் தட்ட முடிந்தது. ஆசிரியரால் தட்ட முடியவில்லை. அவருடைய வேலை அவ்வளவு உயர்ந்தது!

நீதிபதிகள் இரக்கமில்லாதவர்கள் அல்லர். நேர்மையற்ற நிர்வாகங்கள் ஆசிரியர்களைச் சுரண்டும் வழிகள் எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குச் சமூக நீதியை மறுக்க முடியாது, உரிய அமைப்பைச் சட்டமன்றம் உருவாக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள். புகழ் தீர்ப்பின் பலனாயிற்று. உரிமை தீர்ப்பின் நம்பிக்கையாக நின்றுவிட்டது.

அதன் பிறகு அந்தத் தர்க்கம் பரவியது. 1996இல் ஹரியானாவின் அங்கீகாரம் பெறாத பள்ளிகள் தொடர்ந்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. 2004இல் அகமதாபாத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கேட்ட பணிக்கொடையும் இதே வழியில் மறுக்கப்பட்டது. வேலைநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு, கூலிக்குக் கீழ்வரம்பு, வேலையை விடும்போது கையில் ஒரு தொகை. ஒரு சாதாரண உழைப்பாளிக்குச் சட்டம் தரும் இந்த மூன்றும், உயர்ந்தவர் என்ற ஒரே காரணத்தால் ஆசிரியருக்கு இல்லாமல் போயின.

ஒன்றை மட்டும் மீட்டோம். 2009இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று உறுதிசெய்தது. நாடாளுமன்றம் நினைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நீதிமன்றத்தின் குரலும் மாறியிருக்கிறது. குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாயில் வேலை பார்க்க, அதே வேலை பார்க்கும் நிரந்தரப் பணியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பொது விழாக்களில் குருவைத் தெய்வமாக்கும் சுலோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, அதை நம்புகிறோம் என்றால் ஆசிரியரை நடத்தும் முறையில் அது தெரிய வேண்டும் என்ற கருத்தை எழுதியது. 1988இல் பணிப் பாதுகாப்பை மறுக்கக் காரணமான அதே பெருமையை, 2025இல் ஊதியம் தர வேண்டியதற்குக் காரணமாக்கியது. நம் சமூகம் செய்ய வேண்டிய திருப்பமும் இதுதான்.

மரபு கேட்டால் என்ன சொல்லும்?

'நம் மரபில் கல்வி விற்பனைப் பொருள் அல்ல. குரு கூலி கேட்கமாட்டார்' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த மரபையே திறந்து பார்ப்போம். நன்னூலின் பாயிரப் பகுதியில் பாடம் கேட்கத் தகுந்தவர் யார் யார் என்று பவணந்தி முனிவர் கூறும்போது, ஆசானின் மகன், அரசனின் மகன் இவர்களோடு பொருளை மிகுதியாகத் தருபவனையும் கூச்சமின்றிச் சேர்க்கிறார். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரால் புறநானூற்றில் இருக்கும் 183ஆம் பாட்டு, கற்கும் வழிகளைச் சொல்லும்போது ஆசிரியருக்குப் பெரும்பொருள் கொடுப்பதையும் ஒரு வழியாகச் சொல்கிறது. சொல்பவன் அரசன், கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவன்.

பொருள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் வரலாறு இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைவிடப் பெரிய ஆசிரியரை 19ஆம் நூற்றாண்டுத் தமிழகம் கண்டதில்லை. அவரைக் கடனும் பணமுடையும் விடாமல் துரத்தின. 1876இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பதிப்பு வேலைக்கு அவர் பட்ட பணக்கஷ்டம் தனிக்கதை. இருந்தாலும் முதல் தேதி தவறாமல் வரும் சம்பளம் என்று ஒன்று அவருக்கு இருந்தது. அது அவருடைய ஆசிரியருக்கு வாய்க்கவில்லை.

அண்மைய மரபையும் சேர்த்துச் சொல்கிறேன். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு மூன்றையும் இணைத்த திட்டத்தை 1955லேயே கொண்டுவந்தது அன்றைய சென்னை மாநிலம். கேரளத்தில் 1957இல் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி, தானே கல்லூரி ஆசிரியராக இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தார். நிர்வாகத்தின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்ற நிலை ஆசிரியருக்கு அப்போதுதான் வந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தை இழந்து பங்களிப்புத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். அன்று முதல் ஓய்வூதியம் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கப்படும் வாக்குறுதியாகிவிட்டது.

இரண்டு மறுப்புகள்

என் வாதத்துக்கு எதிராகக் கனமான மறுப்புகள் இரண்டு உண்டு.

ஒன்று, சம்பளத்தைக் கூட்டினால் மட்டும் பிள்ளைகள் நன்றாகப் படித்துவிடுவார்களா என்பது. இந்தோனேசிய அரசு, சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இரட்டிப்பாக்கியது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை பெயர்பெற்றது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பணக்கவலை குறைந்தது, இரண்டாம் வேலைக்குப் போவது குறைந்தது. மாணவர்களின் கற்றலில் மட்டும் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தும் முன்னேற்றம் தெரியவில்லை.

இந்த முடிவை நான் ஏற்கிறேன். நிரந்தர வேலையும் உறுதியான சம்பளமும் உள்ளவருக்கு மேலும் கொடுத்தால் வகுப்பறை தானாக மாறாது. என் கேள்வி 10,000 ரூபாய்க்கு, எழுத்தில் ஆணை இல்லாமல், எந்த நாளும் அனுப்பப்படலாம் என்ற நிலையில் நிற்பவரைப் பற்றியது. அங்கே பிரச்சினை ஊக்கம் அல்ல, இருப்பு. ஒரு பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஐந்து கணக்கு ஆசிரியர்கள் மாறினால், அந்தப் பிள்ளைக்கு எங்கே சறுக்குகிறது என்று தெரிந்த ஒருவரும் பள்ளியில் இருக்கமாட்டார். அதுவும் போக, ஒருவருக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்க, அவர் வேலையால் விளைச்சல் கூடியது என்று நிரூபணம் கேட்பதில்லை நாம்.

இரண்டாவது மறுப்பு சிறு பள்ளிகளுடையது. மாதம் சில நூறு ரூபாய் கட்டணம் வாங்கும் பள்ளி 25,000 ரூபாய் சம்பளம் எப்படிக் கொடுக்கும்? கொடுக்கச் சொன்னால் மூடிவிடுவார்கள். இது நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் அரசு ஊதியம் என்று நான் கேட்கவில்லை. டெல்லியின் 1973ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டம், அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியம் அரசுப் பள்ளிக்குக் குறையக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. எழுதிவைத்தும் அதை நடைமுறைப்படுத்த ஆசிரியர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. ஆனால் பெரிய கட்டடம், குளிரூட்டிய வகுப்பு, நீச்சல் குளம் என்று விளம்பரம் செய்யும் பள்ளியும் இந்தச் சிறு பள்ளியின் ஏழ்மையைக் காட்டித்தான் 12,000 கொடுக்கிறது. அதை அனுமதிக்க முடியாது.

செய்யக்கூடியவை

கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறேன்.

முதலாவது, ஊதியத்துக்குச் சட்டத்தில் கீழ்வரம்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் பணியாளர் என்பதற்கான விளக்கம் விரிந்திருக்கிறது. நிர்வாகம் செய்பவர்கூட அதில் வருகிறார். கற்பித்தல் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் உரிய அரசு யாரைப் பணியாளர் என்று அறிவிக்கிறதோ அவரும் பணியாளரே என்று அதே விளக்கத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களை அப்படி அறிவிக்கலாம். சுந்தராம்பாள் வழக்கின் தர்க்கத்தால் மறுக்கப்பட்டதில் ஒரு பங்கையாவது ஓர் அறிவிப்பால் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, கட்டண நிர்ணயத்தையும் சம்பளத்தையும் இணைப்பது. 2009 முதல் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் குழு நிர்ணயிக்கிறது. பள்ளி காட்டும் செலவைப் பார்த்துத்தான் கட்டணம் முடிவாகிறது. காட்டும் சம்பளம் ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குப் போய், அவர் கையிலேயே தங்குகிறதா என்றும் அந்தக் குழு பார்க்கட்டும். காகிதத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற பழக்கம் ஊரறிந்த ரகசியம்.

மூன்றாவது, எழுத்தில் நியமன ஆணை. சான்றிதழ்களைப் பிடித்துவைத்தால் தண்டனை. முறையிட ஒரு தீர்ப்பாயம். தனியார் கல்வி நிறுவனங்களின் உரிமை பற்றிய டி.எம்.ஏ. பை வழக்கின் தீர்ப்பில் 2002லேயே உச்ச நீதிமன்றம், மாவட்ட நீதிபதியைக் கொண்டு ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு தீர்ப்பாயம் அமைக்கலாம் என்று யோசனை சொன்னது. அமைத்தால், நீக்கப்பட்ட ஆசிரியை சென்னைக்கும் டெல்லிக்கும் அலைய வேண்டியதில்லை.

நான்காவது அரசுக்கு மட்டும். தொகுப்பூதியம், பகுதிநேரம், கௌரவம் என்ற பெயர்களில் நிரந்தர வேலையைத் தற்காலிகக் கூலிக்கு வாங்குவதை அரசே நிறுத்தாதவரை, தனியார் தாளாளரைக் கேள்வி கேட்கும் தகுதி அதற்கு வராது. பதிவேற்ற வேலைக்கு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் எழுத்தர்களை நியமிக்க வேண்டும். ஆசிரியரின் நேரம் வகுப்புக்குத் திரும்ப வேறு குறுக்கு வழி இல்லை.

பெற்றோராக இங்கே அமர்ந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்ச்சி விகிதம், பேருந்து வசதி, ஆங்கிலம் எல்லாம் விசாரிக்கிறீர்கள். 'உங்கள் ஆசிரியர்கள் இந்தப் பள்ளியில் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?' என்றும் சேர்க்கையின்போது கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆசிரியர் பயிற்சி மாணவர்களே, உங்களிடம் 'இது தொண்டு, தியாகத்தோடு வாருங்கள்' என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படியுங்கள், பிள்ளைகளை நேசியுங்கள், நியமன ஆணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சங்கத்தில் சேருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களான எங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. எங்கள் தலைமுறை வாங்கிய ஓய்வூதியம் யாரோ போராடி வாங்கிக் கொடுத்தது. அடுத்த தலைமுறையின் மேடையில் நாங்கள் பொன்னாடை போர்த்திக்கொள்வதோடு நின்றுவிடக் கூடாது. வரும் செப்டம்பர் 5 அன்று உங்கள் ஊரில் நடக்கும் ஆசிரியர் தின விழாவில், விருது வழங்கி முடித்ததும், அந்த ஊரின் தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலை வெளியிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். நிறைவேறாவிட்டாலும் பரவாயில்லை, குறிப்பேட்டில் ஏறட்டும். அடுத்த ஆண்டு அதிலிருந்து தொடங்கலாம்.